கண் நோயாளிகளுக்கு கேஸ் ஷீட் வைத்த தஞ்சை ராஜா! சரபோஜியிடம் இன்றைய ஆஸ்பத்திரிகள் கற்க வேண்டிய பாடம்

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வரும் நாளை யோசிச்சுப் பாருங்க. கையில் ஒரு ஃபைல், மாத்திரைச் சீட்டு, பில். நாலு நாள் கழித்து ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. வலி குறையவில்லை, அல்லது ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை இன்னும் மங்குகிறது. திரும்பப் போய்க் கேட்டால், இதெல்லாம் சகஜம், போகப்போக சரியாகிடும் என்று பதில் வருகிறது.

உண்மையிலேயே சகஜம்தானா? இல்லை, எங்கேயாவது தப்பு நடந்துவிட்டதா? நடந்திருந்தால் அதை நமக்குச் சொல்ல வேண்டியது யார்?

இது இந்தக் காலத்துக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால், இதற்கான பதிலின் ஒரு பகுதி சுமார் 200 வருடங்களாகத் தஞ்சாவூர் அரண்மனைக்குள் பத்திரமாக இருக்கிறது. தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலைப் பார்க்கிறோம், தலையாட்டி பொம்மை வாங்குகிறோம், அரண்மனையில் செல்ஃபி எடுக்கிறோம். அதே அரண்மனை வளாகத்தில்தான் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. ஓலைச்சுவடிகளும் பழைய ஏடுகளும் நிறைந்த அந்த நூலகத்தில், 40-க்கும் மேற்பட்ட கண் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளும் உண்டு. நோயுற்ற கண்களின் படங்களோடு!

அவற்றை எழுதவைத்தவர் மருத்துவக் கல்லூரி டீன் இல்லை. ஆட்சி அதிகாரத்தைப் பறிகொடுத்த ஒரு ராஜா. பெயர், இரண்டாம் சரபோஜி.

இருட்டு அறையில் ஒரு சிறுவன்

சரபோஜி பிறந்தது 1777, செப்டம்பர் மாதம். அப்போது தஞ்சையை ஆண்டவர் மராட்டிய போன்ஸ்லே வம்சத்து மன்னர் துளஜா. பெற்ற பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்துவிட்டு, தானும் நோயில் படுத்திருந்த துளஜா, 1787-ல் இந்தச் சிறுவனைத் தத்தெடுத்தார். தனக்குப் பிறகு பையனைப் பார்த்துக்கொள்ளும்படி தஞ்சையில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸிடம் கேட்டுக்கொண்டார். அதே வருடம் இறந்தும்போனார்.

துளஜாவின் தம்பி முறையான அமர்சிங், தத்து செல்லாது என்று கிளம்பினார். அன்றைக்கு தஞ்சையில் யார் ராஜா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது. கம்பெனி பண்டிதர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. சரபோஜி தன் சொந்த அப்பாவுக்கு ஒரே பிள்ளை, ஒரே பிள்ளையைத் தத்துக் கொடுப்பது சாஸ்திரப்படி தப்பு என்பது போன்ற காரணங்களைச் சொல்லி, தத்து செல்லாது என்றார்கள் பண்டிதர்கள். அமர்சிங் அரியணை ஏறினார்.

அடுத்து வந்த வருடங்கள் சிறுவனுக்குக் கொடுமையானவை. படிப்பு இல்லை. வெளியே விடுவதில்லை. வெளிச்சம் சரியாக வராத இடத்தில் அடைத்து வைத்திருந்ததாக ஸ்வார்ட்ஸ் கம்பெனியிடம் முறையிட்டார். கடைசியில் அவருடைய முயற்சியால் சரபோஜி 1793-ல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மன் பாதிரியாரிடம் படிப்பு தொடர்ந்தது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று ஒரு புது உலகமே திறந்தது.

வெளிச்சத்துக்கு ஏங்கிய பையன் பிற்காலத்தில் கண் மருத்துவத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், படிக்கும்போது நமக்கு அப்படித் தோன்றாமலும் இருக்காது.

தப்பை ஒப்புக்கொண்ட கம்பெனி... ஆனா ஒரு விலைக்கு!

இதற்கிடையே முதல் தீர்ப்பு மேல் சந்தேகம் கிளம்பியது. பண்டிதர்களுக்குப் பணம் போயிருக்கும் என்ற பேச்சும் இருந்தது. ஸ்வார்ட்ஸ் விடாமல் கடிதம் எழுதினார். கம்பெனி இந்த முறை வங்காளத்திலும் காசியிலும் இருந்த பண்டிதர்களிடம் கேட்டது. அவர்கள், தத்து செல்லும் என்றார்கள். 1798 ஜூன் மாதம், 20 வயது சரபோஜி தஞ்சை அரசரானார். அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் உயிரோடு இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். தன் குருவுக்காக லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சரபோஜி செய்யச் சொன்ன பளிங்குச் சிற்பத்தை, தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

முதல் தீர்ப்பு தப்பு என்று கம்பெனி ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்தானே என்று நினைப்போம். ஆனால், அடுத்த வருடமே பில் வந்தது. 1799 அக்டோபரில் போட்ட ஒப்பந்தப்படி, தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய இடமும்தான். அதோடு வருடத்துக்கு ஒரு லட்சம் வராகன், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு தவறால் தன் இளமைக்காலத்தில் 11 வருடங்களை இழந்தவர் அவர். அந்தத் தவறைத் திருத்தியவர்களும் தங்களுக்கு லாபம் இருக்கும்படி பார்த்துத்தான் திருத்தினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய மருத்துவ வேலைகளைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

நெல்லுக் காசில் வளர்ந்த மருத்துவம்

படையும் இல்லை, வரி வசூலும் இல்லை. ஆனால் காவிரி பாய்ந்து, வயல் விளைந்து, அந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் காசை சரபோஜி புத்தகங்களிலும், கருவிகளிலும், பள்ளிகளிலும், மருத்துவத்திலும் போட்டார்.

நாயக்கர் காலத்திலிருந்தே இருந்த அரண்மனை நூலகத்தை இன்று நாம் அறியும் சரஸ்வதி மகாலாக வளர்த்தவர் அவர்தான். அவர் பெயராலேயே அது தஞ்சாவூர் மகாராஜா சரபோஜியின் சரஸ்வதி மகால் நூலகம் என்று அழைக்கப்படுகிறது. அரண்மனையில் தேவநாகரி எழுத்தில் அச்சகம் வைத்தார். ஐரோப்பாவிலிருந்து மருத்துவ நூல்களை வரவழைத்தார். உடற்கூறு படிக்க எலும்புக்கூடு மாதிரியைத் தருவித்தார். 1826-ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், இந்த ராஜா ஐரோப்பிய விஞ்ஞானிகளின் நூல்களைப் பற்றி சரளமாகப் பேசுவதைக் கேட்டு அசந்துபோனார்.

மருத்துவத்துக்காகவே ஒரு நிலையத்தை அமைத்தார் சரபோஜி. அதன் பெயர் தன்வந்திரி மகால். அங்கே சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என எல்லா முறைகளையும் சேர்ந்தவர்கள் வேலை பார்த்தார்கள். நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்த மருந்துகளைத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்புதான் சரபேந்திர வைத்திய முறைகள். தமிழ்ப் பாடல் வடிவில் இருக்கும் அதை, நோய்வாரியாக சரஸ்வதி மகால் நூலகம் பிற்காலத்தில் புத்தகங்களாக வெளியிட்டது. கண் நோய்க்கும் அதில் இடம் உண்டு.

அவர் கவலைப்பட்டது அரண்மனை ஆட்களைப் பற்றி மட்டும் இல்லை. தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இதுபோன்ற சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவிடும்படி 1801-ல் கம்பெனியின் ரெசிடென்ட் டோரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கருக்குச் சாப்பாடு, நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியரும் மருந்தும், கர்ப்பிணிகளுக்குப் பராமரிப்பு, இறந்துபோனால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு என்று சத்திரங்களில் நடப்பதை எல்லாம் அதில் விளக்கியிருந்தார். யாரென்றே தெரியாத வழிப்போக்கருக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது.

ஊரைவிட்டு ஓடிய கண் டாக்டர்

சரபோஜியின் கேஸ் ஷீட்டுகள் ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அந்தக் காலத்துக் கண் ஆபரேஷன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

கண்புரை வந்தால் கண்ணின் லென்ஸ் வெளுத்துப்போய் வெளிச்சத்தை மறைக்கும். இன்று அந்த லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அன்று உலகம் முழுக்கப் பரவலாக இருந்தது வேறு முறை. ஊசியால் கண்ணைக் குத்தி, மங்கிய லென்ஸை உள்பக்கமாகக் கீழே தள்ளிவிடுவார்கள். வழி விட்டதும் வெளிச்சம் உள்ளே போகும், நோயாளிக்கு உடனே ஏதோ தெரியும். விரலைக் காட்டினால் எண்ணிச் சொல்வார். மயக்க மருந்து கிடையாது. அது 1846-க்குப் பிறகுதான் வந்தது. கிருமி நீக்கமும் கிடையாது. அது 1867-க்குப் பிறகு.

சிக்கல் அதன் பிறகுதான். சில நாளில் கண்ணில் சீழ் பிடிக்கலாம், அழுத்தம் கூடலாம், வந்த பார்வை மொத்தமாகப் போய்விடலாம். அதாவது வெற்றி உடனே தெரிந்துவிடும். தோல்வி மெதுவாகத்தான் வரும். இந்த இடைவெளியில் பிழைப்பு நடத்தியவர்கள் பலர்.

அவர்களில் பேர்போனவர் இங்கிலாந்தின் ஜான் டெய்லர். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் கண் மருத்துவர் என்ற பட்டம் வேறு. ஊர் ஊராக வண்டியில் போவார், கூட்டத்தின் முன் பேசுவார், ஆபரேஷன் செய்வார், கட்டுப் போடுவார். கட்டைப் பல நாள் அவிழ்க்கக் கூடாது என்பார். அவிழ்ப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். 1750-ல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்கின் கண்ணில் இரண்டு முறை ஆபரேஷன் செய்தார். பாக் பார்வையை முழுக்க இழந்து, அதே வருடம் ஜூலையில் இறந்தார். பிற்பாடு எழுதிய சுயசரிதையில், லைப்சிக்கில் புகழ்பெற்ற ஒரு இசைக் கலைஞருக்குப் பார்வையை மீட்டுக் கொடுத்ததாக எழுதிக்கொண்டார் டெய்லர்!

ஆபரேஷன் தோற்றதை நாம் மன்னிக்கலாம். அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதான். தோற்றதைப் பார்க்காமலே ஊரைவிட்டுப் போனதும், பிறகு ஜெயித்ததாக எழுதியதும்தான் மன்னிக்க முடியாதவை.

படம் வரைந்து, பக்கத்திலேயே எழுதி...

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்கு சிகிச்சை நடந்தது. மெக்பீன் என்ற ஐரோப்பிய கண் மருத்துவரும் அதில் பங்கெடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதப்பட்டது. வந்தவர் யார், கண் எந்த நிலையில் இருந்தது, என்ன செய்தார்கள் என்று கையெழுத்தில் இருக்கிறது. அத்தோடு கண்ணின் படத்தையும் ஓவியர்கள் வரைந்து சேர்த்தார்கள். போட்டோ எடுக்கும் கலையே பிறக்காத காலம் அது. சமீப காலத்தில் நம் கண் மருத்துவர்களே இந்த ஏடுகளைப் படித்து, மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நேர்மை என்று கேட்கலாம். ஒரு நிமிஷம் யோசிங்க. நோயாளி வந்தபோது கண் எப்படி இருந்தது என்று படமாக வரைந்து வைத்துவிட்டால், பிறகு யாராலும் கதை மாற்ற முடியாது. வரும்போதே கண் இப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சரியாகாத கண்ணை சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பெயரும் நிலையும் சிகிச்சையும் ஒரே தாளில் இருந்தால், அந்தத் தாள் வைத்தியரைவிட அதிக காலம் உயிரோடு இருக்கும். கேள்வி கேட்கவும் செய்யும்.

சரபோஜி, தவறு நடந்தால் நோயாளியிடம் சொல்லுங்கள் என்று சட்டம் போட்டவர் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் உண்மை எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த முதல் படியை அவர் தஞ்சையில் வைத்தார். டெய்லர் விளம்பரம் எழுதினார், சரபோஜி குறிப்பு எழுதவைத்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, இன்னைக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் வேறு, தவறு வேறு, அலட்சியம் வேறு. எல்லாம் சரியாகச் செய்தும் கிருமி தொற்றிவிடலாம், அது சிக்கல். மருந்தின் அளவு மாறிப்போவது தவறு. செய்தே ஆக வேண்டிய பரிசோதனையைச் செய்யாமல் விடுவது அலட்சியம் ஆகலாம். டாக்டரின் கணிப்பு தவறியது என்பதற்காக மட்டும் அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது என்பதை 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இந்த மூன்றில் எது நடந்தாலும், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. இதுவும் கண் சம்பந்தப்பட்டதுதான். 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்திலேயே ஒரு குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை, செய்யச் சொல்லி பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தையின் பார்வை போனது. கிட்டத்தட்ட 20 வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஒரே ஒரு வாக்கியத்தை நேரத்துக்குச் சொல்லியிருந்தால் போதும் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

டாக்டர்கள் பக்கமும் பயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வழக்கு வரும், ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்குவார்கள் என்ற பயம். அந்த பயம் பொய் இல்லை. மருத்துவமனைகள் மீதான தாக்குதலைத் தடுக்க தமிழ்நாட்டில் 2008-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் மறைப்பதால் பயம் குறைவதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்து ஒரு வழியைக் கடைப்பிடித்தது. தவறு நடந்தால் தாங்களே நோயாளியிடம் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, உரிய இழப்பீடு தருவது. விளைவு? வழக்குகள் கூடவில்லை, குறைந்தன. இங்கிலாந்தில் 2014 முதல், நோயாளிக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டால் அரசு மருத்துவ அமைப்புகள் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இந்தியாவில் நம் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம், சரபோஜி விட்டுப்போன அதே பொருள்தான். கேஸ் ஷீட்! இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை டாக்டர் 3 வருடங்களுக்குப் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

அதனால் அடுத்த முறை வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட்டுவிடாதீங்க. முழு கேஸ் ஷீட்டின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. தேதி போட்டு, கேட்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்க. சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்க. என்ன நடந்தது? ஏன் நடந்தது? இனி என்ன செய்யப் போறீங்க? நேர்மையான டாக்டர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தயங்க மாட்டார்.

1832-ல் முடிந்த வாழ்க்கை

1820-ல் ஆயிரக்கணக்கானோர் புடைசூழ காசி யாத்திரை கிளம்பிய சரபோஜி, திரும்பும்போது நூலகத்துக்குச் சுவடிகளோடு வந்தார். 1832 மார்ச் 7-ம் தேதி இறந்தார். அவருக்குப் பின் மகன் சிவாஜி ஆண்டார். ஆண் வாரிசு இல்லாமல் 1855-ல் அவர் இறந்ததும், மிச்சம் இருந்த ராஜ்ஜியத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

கோட்டை போனது, வராகன் போனது. நூலகம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் கண்புரையோடு தஞ்சைக்கு வந்தார், அவர் கண் எப்படி இருந்தது, அவருக்கு என்ன செய்தார்கள் என்பதை அங்கே இன்றும் படிக்க முடிகிறது. நம்மில் எத்தனை பேருக்கு, போன வருடம் நம் அம்மாவுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடந்தது என்று அந்த அளவுக்குத் தெரியும்?